இரண்டு பரப்பும் கிணற்றுப் பங்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் 750 ஆம் இலக்கப் பஸ் ஆவரங்காலைத் தாண்டியதும் வீடுகள் குறைந்துகொண்டு வரும். வேலிகள் முடியும். தோட்டங்கள் முடியும். பிறகு வெட்டவெளி. அதுதான் வல்லை வெளி. சோளகக் காற்றுக் காலத்தில் யாழ்ப்பாணப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் எதிர்க்காற்றுக்கு மிதிக்க முடியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பார்கள். முனியப்பர் கோயிலடியில் வாகனங்கள் ஒரு நிமிடம் நின்று, உண்டியலில் காசு போட்ட பிறகுதான் புறப்படும். அடுத்தது பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்கு, நாரை.

பாலத்தைத் தாண்டினால் வடமராட்சி. கொஞ்ச நேரத்தில் நெல்லியடிச் சந்தி வந்துவிடும். அங்கே இறங்கி உள்ளே நடந்தால் கரவெட்டி. வெளியின் வெயில் கண்ணை விட்டுப் போக முன்னமே ஒழுங்கையின் நிழல் தலையில் விழும். கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்று தழைத்து இரண்டு பக்கமும் கூடாரம் போட்டிருக்கும். உள்ளே வேம்பு, மா, முருங்கை. அவற்றுக்கு மேலே பனை. மத்தியான நேரத்திலும் வளவுகளுக்குள் குளிர்ச்சி இருக்கும்.

இந்த ஊரில் 29 வருடங்கள் பிறத்தியாருடைய காணியில் இருந்துவிட்டு, 2019 இல் என் பெயரில் இரண்டு பரப்புக் காணி வாங்கினேன். எப்படி வாங்கினேன், எங்கே தடுமாறினேன் என்பதை எழுதினால் என்னைப்போல் இருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

குடாநாட்டில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வழுக்கையாறுகூட மழை பெய்தால்தான் ஓடும். ஆனால் வல்லையில் நாம் தாண்டும் நீரேரியின் வடக்கு முனைக்குத் தொண்டைமானாறு என்று பெயர். சோழர் காலத்துக் கருணாகரத் தொண்டைமான் என்பவர் கரணவாய்ப் பக்கத்து உப்பை ஏற்றிப்போக அதை வெட்டுவித்தார் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அது கடலில் சேரும் இடத்துக்குக் கிட்ட செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கிறது. கடல் நீர் உள்ளே ஏறாமலும், மழை நீர் வீணே வெளியே போகாமலும் மறிக்க அந்த வாயிலில் ஒரு தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவு நீரேரிக்கு வரும் வன்னி மழை நீரை முள்ளியான் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, காலப்போக்கில் அதை நன்னீராக்குவது அவருடைய எண்ணம். அந்தத் திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆகவே எங்கள் ஆறு பார்க்க அழகு, குடிக்க உவர்.

நான் பிறந்தது வலிகாமம் வடக்கில். 1988 இல் கலியாணம். அம்மா தன் சீதனக் காணியில் ஆறு பரப்பை எனக்கு எழுதித் தந்தா. 1990 ஆனி மாதம் ஊரோடு எழும்பினோம். இவருக்குத் தெரிந்த ஒருவர் கரவெட்டியில் இருந்தார். அவருடைய உறவினர் வெளிநாட்டில். அந்த வெறும் வளவில் ஒரு கொட்டில் போட்டு இருக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு என்றுதான் வந்தோம். 1991 இல் மகள் பிறந்தது அந்தக் கொட்டிலில் இருக்கும்போதுதான்.

கரவெட்டி படித்த ஊர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932 இல் பிறந்த ஊர். விக்னேஸ்வராக் கல்லூரியும் ஞானாசாரியார் கல்லூரியும் இருக்கும் ஊர். ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் நிறைந்திருந்தார்கள். யுத்தத்தையும் கண்ட ஊர். 1987 வைகாசியில் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையையும், அந்த வருடம் ஆடி 5 இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் நடந்த தாக்குதலையும் அயலார் இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட்டன. மரங்கள் மட்டும் வளர்ந்துகொண்டு நின்றன.

இவர் மேசன். 1996 ஆடி மாதம் ஒரு காலை, வேலைச் சாமான் பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒழுங்கையால் போனார். “பின்னேரம் வெள்ளனப் போட்டு வாறன்” என்று சொன்னார். அவ்வளவுதான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. எங்கெல்லாம் தேடினேன், யார் யாரிடம் மனுக் கொடுத்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்த வழி தெரியும்.

முன்பள்ளியில் படிப்பித்தேன். இரவில் தைத்தேன். பிள்ளை வளர்ந்தாள். வீட்டுத்திட்டம் வந்தபோதெல்லாம் பெயரைக் கொடுத்தேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். ஆனால் வீடு கட்டச் சொந்தக் காணி வேண்டும். எனக்குக் காணி இருந்தது; போக முடியாத இடத்தில் இருந்தது. இருந்த இடமோ என்னுடையதல்ல. இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் போயின.

2018 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. என் ஆறு பரப்பும் அதற்குள் இருந்தது. தம்பியோடு போனேன். அம்மாவின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் இல்லை. கிணற்றை மண்ணும் கல்லும் போட்டுத் தூர்த்திருந்தது. எல்லை தெரியவில்லை. ஒரு பழைய புளியமரத்தை வைத்துத்தான் தம்பி இடத்தைப் பிடித்தான். அந்த மண்ணை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு அழுதேன்.

எல்லாரும் கேட்டார்கள்: “இனி ஊருக்குப் போகலாம்தானே?” போகலாம். ஆனால் எனக்கு 50 வயது கடந்துவிட்டது. மகள் கலியாணம் முடித்து நெல்லியடிக்குக் கிட்ட இருக்கிறாள். வேலை இங்கே. வேறொரு காரணமும் இருந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இவர் போனது இந்த ஒழுங்கையால். திரும்பி வந்தால் இந்த ஒழுங்கைக்குத்தான் வருவார். வலிகாமத்தில் என்னைத் தேட அவருக்குத் தெரியாது.

ஆகவே ஊர்க் காணியில் நாலு பரப்பை விற்று, கரவெட்டியில் ஒரு துண்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். கிணறு இருக்கும் இரண்டு பரப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதலில் காணி பார்த்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் காணியைப் பரப்பில்தான் பேசுவோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். 18 குளி ஒரு பரப்பு. உள்ளூருக்குள் பரப்பு நாலு இலட்சம் என்றார்கள். வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கியதிலிருந்து விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தரகர் ஒருவர் நீரேரிப் பக்கமாக ஒரு காணி காட்டினார். அரைவாசி விலை. பின்னேரம் போனோம். காற்று அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை. “இதிலை ஒரு வீட்டைக் கட்டிப்போட்டு விறாந்தையிலை இருந்தால் சொர்க்கம் அக்கா” என்றார் தரகர்.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு வயதான அம்மா ஆடு கட்டிக்கொண்டிருந்தா. தண்ணீர் கேட்டேன். அவ செம்பைத் தரவில்லை. “பிள்ளை, உது குடிக்கிற தண்ணியில்லை. குடிக்கிறதுக்கு நான் உள்ளுக்குப் போய்த்தான் அள்ளியாறனான்” என்றா. அதோடு, 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினா.

கிராம அலுவலரிடம் விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. அது வயல் காணி. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயலை அனுமதி இல்லாமல் மண் போட்டு நிரப்பி வீடு கட்ட முடியாது. தரகர் அதைச் சொல்லவேயில்லை. மலிவான காணிக்கு ஒரு காரணம் இருக்கும். அது என்ன என்று அயலாரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

தண்ணீர் விடயத்தைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கல். மழை நீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறத்தாழ 40 அடிக்கு எழும்பி வரும். அதனால்தான் மோட்டர் பூட்டி ஓயாமல் இறைத்த கிணறுகள் உவராகின. நீரேரிக்குக் கிட்டப் போகப் போக நன்னீரின் கனம் குறையும். வாங்க முன்னர் கிணற்று நீரைப் பங்குனி தொடக்கம் ஆவணி வரையான வரட்சிக் காலத்தில் வாயில் வைத்துப் பாருங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும்.

இரண்டாவது காணி ஊருக்குள் இருந்தது. பழைய கல்வீடு, கறுத்தக்கொழும்பு மாமரம், சுற்றுமதில். சொந்தக்காரர் கனடாவில். அவருக்காக ஒருவர் அற்றோணித் தத்துவம் வைத்துக்கொண்டு விற்கிறார் என்றார்கள். முற்பணம் ஐம்பதாயிரம் கேட்டார். கொடுக்கத்தான் இருந்தேன். அன்று காலை கோயிலில் ஒரு அக்கா சொன்னா: “அவர் போன மாசியிலை கனடாவிலை மோசம் போட்டார். இஞ்சையும் நோட்டீஸ் ஒட்டினவை.” அற்றோணி கொடுத்தவர் இறந்தால் அந்த அற்றோணியின் அதிகாரமும் அதோடு முடிந்துவிடும். பிறகு உரித்தாளிகள்தான் காணியை எழுத முடியும். அந்த ஒரு வார்த்தை என் ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றியது.

மூன்றாவது காணி நான் தேடிப்போனதல்ல. நாங்கள் இருந்த ஒழுங்கையின் மறு முனையில் ஓர் ஆச்சி தனியே இருந்தா. மகள் பிரான்சில், மகன் வவுனியாவில். ஐந்து பரப்பு அவவின் சீதனம். கண் வைத்தியத்துக்குக் காசு தேவைப்பட்டது. ஒருநாள் தைத்த சட்டையைக் கொடுக்கப் போனபோது கேட்டா: “மோனை, நீ காணி பாக்கிறியாமே? பின்பக்கம் ரண்டு பரப்பை எடன். தெரியாத ஆக்களுக்குக் குடுக்க எனக்கு விருப்பமில்லை.”

அந்த இரண்டு பரப்பில் ஒரு வேம்பு, மூன்று பனை, கொஞ்ச வடலி, ஒரு முருங்கை. கிணறு நாலு வீட்டுக்குப் பொது. 29 வருடமாக நான் அள்ளிக் குடித்த கிணறு அதுதான். வேறு சோதனை தேவையா?

விலை பேசியாகிவிட்டது. காசுக்கு நாலு பரப்பை விற்க வேண்டும். தம்பி தானே எடுக்கிறேன் என்றான். அவன் அங்கே மீளக் குடியேறியிருந்தான். “அக்கா, அம்மா தந்த காணி வெளியாலை போகக்கூடாது” என்றான். அது சட்டத்துக்கும் பொருந்தியது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்னீட்டுரிமைக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்க முன்னர் உடன்பங்காளிகளுக்கும் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். வாங்குவதற்கு அவர்களுக்கே முதலுரிமை. மகள் தனக்கு அதில் விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

எல்லாம் சரி என்று சட்டத்தரணியிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “உங்கட கணவர் கையெழுத்து வைப்பாரோ?”

சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் எங்கள் வழமைகளைத் தொகுத்து எழுதுவித்த தேசவழமையிலேயே சீதனமும் முதுசமும் தேடியதேட்டமும் இருக்கின்றன. உறுதி எங்கள் பெயரில் இருக்கும். ஆனால் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, திருமணமான பெண் தன் காணியை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எழுத்து எங்கள் பெயரில், கையெழுத்து அவர்களுடையது. திருமணமாகாதவர், விதவை, விவாகரத்துப் பெற்றவர் ஆகியோருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்கும் இது பொருந்தாது. அங்கே 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பெண் தன் சொத்தைத் தானே எழுதலாம்.

நான் எந்தப் பகுதி? திருமணமானவள். விதவை என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓர் அலுவலகத்தில் சுலபமான வழி என்று ஒன்றைச் சொன்னார்கள். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், யுத்தத்தோடு தொடர்பாகக் காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணப் பதிவு எடுக்கலாம். அதை எடுத்தால் நான் விதவை. விதவைக்கு ஒருவருடைய சம்மதமும் தேவையில்லை. காரியம் முடிந்துவிடும்.

அன்றிரவு மகளோடு சண்டை வந்தது. “எணை அம்மா, ஒரு கடதாசிதானே. கடதாசியிலை எழுதினாப்போலை அப்பா செத்துப்போயிடுவாரே?” என்றாள். “ஓம், எனக்கு அப்பிடித்தான்” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டாள். எனக்கு நித்திரை வரவில்லை. அவள் கேட்டதில் பிழையில்லை. 22 வருடம் காத்திருந்தாயிற்று. மரணப் பதிவு எடுத்த எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்புக்காக, உதவிப் பணத்துக்காக எடுத்தார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று எவரும் சொல்லக்கூடாது. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தோடு வேறொரு வழி வந்திருந்தது. காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழ். அதை வைத்து உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். இறந்தவர் என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் என் சீதனக் காணியை விற்க அது போதாது என்று சட்டத்தரணி சொன்னார். பிறகு அவரே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டி 8 ஆம் பிரிவைக் காட்டினார். கணவன் கைவிட்டுப் போனாலோ, இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தாலோ, சித்தசுவாதீனம் இல்லாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ, அவர் இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து, அவருடைய சம்மதம் இல்லாமலே காணியை எழுத அனுமதி பெறலாம். காணி இருக்கும் மாவட்டத்திலும் கேட்கலாம். பெண் வசிக்கும் மாவட்டத்திலும் கேட்கலாம்.

இருக்கும் இடம் தெரியாதவர். அந்தச் சொல் எனக்குப் பொருந்தியது. அது பொய்யில்லை.

பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். திருமணப் பதிவு, சீதன உறுதி, அந்தக் காலத்தில் நான் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் கேட்டார்கள். இடம்பெயர்ந்தபோதெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கடதாசிகள் அன்றைக்குத்தான் உதவின. சில தவணைகள் போனோம். என்னைக் கேட்டபோது, “அவர் எங்கை எண்டு எனக்குத் தெரியாது, ஐயா” என்று மட்டும் சொன்னேன். அனுமதி கிடைத்தது. வெளியே வந்து வாசல் மரத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்தேன். மகள் சோடா வாங்கி வந்து கையில் தந்தாள். அன்றிலிருந்து அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை.

பிறகு வாங்கும் வேலை. அது எப்படி நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஆச்சியின் பிள்ளைகள் இருவருக்கும் முன்னீட்டுரிமை அறிவித்தல் போனது. வவுனியாவிலிருந்து மகன் தொலைபேசியில் கதைத்தார். “நீங்கள் பக்கத்திலை இருந்தால் அம்மாவுக்கும் ஒரு துணை, அக்கா” என்றார். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளை 30 வருடத்துக்குத் தேடுவித்தோம். ஈடோ வழக்கோ இல்லை. நில அளவையாளர் வந்து இரண்டு பரப்பையும் பிரித்து வரைபடம் கீறினார். எல்லைக் கல் நட்டபோது ஆச்சி வெயிலில் நின்று பார்த்தா. உறுதியில் நிலத்தோடு பனை, வடலி, பயன்மரங்கள், கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாவற்றையும் எழுதுவித்தோம். இந்த வரியை விட்டுவிட்டால் காணி இருக்கும். தண்ணீர் அள்ளப் போகும் வழி இருக்காது.

சட்டத்தரணி இன்னொன்றையும் எழுதுவித்தார். இந்தக் காணிக்குக் கொடுத்த காசு என் சீதனக் காணி விற்ற காசு என்பதை உறுதியிலேயே குறிப்பிட்டார். திருமண காலத்தில் விலைக்கு வாங்கும் சொத்து வழக்கமாகத் தேடியதேட்டம் ஆகும். கணவன் மனைவி இருவருக்கும் அதில் பங்கு வரும். தன் தனிச் சொத்தின் காசில் வாங்கினால் அது தனிச் சொத்தாகவே இருக்கும்.

கையெழுத்து வைக்கும் நாள் நொத்தாரிசு என் பெயரை எழுதத் தொடங்கி, பேனையை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். எங்கள் பக்கத்து உறுதிகளில் பெண்ணின் பெயரோடு இன்னாருடைய மனைவி, இன்னாருடைய விதவை என்று எழுதும் வழக்கம். “எப்பிடி எழுத?” என்றார். நான் வாய் திறக்க முன்னம் மகள் சொன்னாள்: “மனைவி எண்டு எழுதுங்கோ.”

இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து வைத்தேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் வந்த காலம் தொட்டு, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறுவதில்லை. வெறும் பற்றுச்சீட்டை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். உறுதி முடிந்ததும் காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட்டதா என்று விசாரியுங்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதினால் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை கிடைக்கும். முத்திரைத் தீர்வை, நொத்தாரிசின் கூலி, நில அளவைச் செலவு ஆகியவற்றைக் காணி விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. கடைசியில் சீட்டுக் காசை எடுத்துத்தான் சமாளித்தேன். அந்த நேரத்தில் நுண்கடன்காரர் ஒருவர் படலைக்கு வந்தார். வாங்கியிருந்தால் கிழமைத் தவணைக்கே காணி போயிருக்கும்.

காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச நிறுவனம் அது. வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், வழக்கும் பேசுவார்கள்.

அத்திவாரம் போட்டது 2019 கடைசியில். 2022 இல் சீமெந்து விலை ஏறியபோது சுவர் யன்னல் மட்டத்தில் நின்றுவிட்டது. ஒன்றரை வருடம் அப்படியே நின்றது. இப்போது ஓர் அறையும் குசினியும் முடிந்திருக்கின்றன. விறாந்தை இன்னும் பூசவில்லை. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, காணியின் மற்ற மூலையில் வெட்டுவித்தேன். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் அழுக்கு நீர் வேகமாகப் போய்விடும். பனைகளைத் தறித்துத் தீராந்தி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பனை தறிக்கப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தாலும் தறித்திருக்க மாட்டேன். ஒடியலும் பினாட்டும் ஓலையும் தரும் மரம்.

கிணற்றில் காலை ஆறு மணி என் முறை. நாலு வீட்டுப் பெண்களும் பேசி வைத்திருக்கிறோம்: தோட்டத்துக்கு மோட்டர் போடுவதென்றால் கிழமையில் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம். தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் வந்தாலும் எங்கள் கிணற்றைக் கைவிடுவதில்லை என்று ஆச்சி உயிரோடு இருக்கும்போதே சொல்லிப்போட்டா. அவ போன வருடம் மோசம் போனா. கண் வைத்தியம் செய்துகொண்டு ஐந்து வருடம் நன்றாகப் பார்த்தா. கடைசிக் காலத்தில் நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

மாதத்தில் ஒருமுறை தம்பி வீட்டுக்குப் போய்வருவேன். தூர்த்த கிணற்றை அவன் இறைத்துத் துப்புரவாக்கி விட்டான். என் இரண்டு பரப்பிலும் மரவள்ளி நட்டிருக்கிறான். பின்னேரம் திரும்பும்போது பஸ் வல்லைப் பாலத்தில் ஏறும். சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கும். தரகர் காட்டிய அந்தக் காணி பக்கமாகப் பார்ப்பேன். அழகான இடம்தான். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் கிணற்றில் ஒரு செம்பு அள்ளிக் குடிப்பேன்.

மகளின் பெயருக்கு இந்தக் காணியை இப்போதே நன்கொடை எழுதலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டுமாம். மரணசாசனம் எழுதுவதென்றால் வேண்டியதில்லை. திருமணமான பெண் தன் காணியை மரணசாசனத்தால் தன் விருப்பப்படி கொடுக்கலாம் என்று அதே 6 ஆம் பிரிவு சொல்கிறது. போன மாதம் நொத்தாரிசிடம் போய் எழுதினேன். என் கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது.